பதினோரு தரம்

ஏப்ரல் 3, வியாழன்

லிஃப்டுக்குள் நான் ஒட்டிய அறிவிப்பு நான்கு நாள் தாங்கியது. "இந்த லிஃப்ட் இனி குரலால் இயங்கும். போக வேண்டிய மாடியை உரக்கச் சொல்லவும்." ஐந்தாம் மாடி வக்கீல் மூடிய பெட்டிக்குள் நின்றுகொண்டு அஞ்சு, அஞ்சு என்று கூவியதை மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து கேட்டேன். அவர் அஞ்சு என்றபோதே நான் அஞ்சியிருக்க வேண்டும். இன்று காலை மாட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்கு வேலையே லிஃப்ட் பழுது பார்ப்பது. அதனால் அவமானம் அவருக்கு இரட்டிப்பு. பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாதான் தீர்ப்பு சொன்னாள். விடுமுறை முடியும் வரை நான் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. தினமும் அவளோடு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

பதினைந்து வயதில் ஆயுள் தண்டனை.

ஏப்ரல் 5, சனி

அம்மா ஆவிகளோடு வேலை செய்கிறாள் என்றுதான் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். பொய்யும் இல்லையே, நீராவியும் ஆவிதான்.

நேரில் பார்த்தால் ஒரே ஒரு எஃகுக் குழாய். இரண்டு ஆள் உயரம், என் கட்டைவிரல் தடிமன். அடியில் ஒரு பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. குழாயின் உடம்பிலேயே மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்குகிறார்கள். கீழே வெறும் தண்ணீராக நுழைவது ஏற ஏறக் கொதித்து, தண்ணீரும் ஆவியும் கலந்து ஓடுகிறது. இதற்கு இருகட்டப் பாய்வு என்று பெயராம். என் காதில் இக்கட்டுப் பாய்வு என்று விழுந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

குழாயின் சுவரிலிருந்து இந்தக் கலவைக்குள் எவ்வளவு சூடு போகும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவதுதான் அம்மாவின் வேலை. ஓடுவதால் போகிற சூடு ஒன்று, கொதிப்பதால் போகிற சூடு ஒன்று. இரண்டையும் கூட்ட வேண்டும். ஆனால் வேகமாக ஓடும்போது கொதிப்பு கொஞ்சம் அடங்கிவிடுமாம், அதற்காக ஒரு தள்ளுபடி. கடைசியில் வரும் எண்ணுக்குப் பெயர் கெழு. கெழுவா கிழவியா என்று கேட்டேன். அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் செய்த பிறகு விடை முப்பது சதவீதம் முன்னே பின்னே இருக்கலாமாம். அது நல்ல விடையாம்! நான் பரீட்சையில் அப்படி எழுதினால் வீட்டில் கொதிப்பது வேறு.

ஏப்ரல் 7, திங்கள்

இங்கே எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அத்தை. அப்பாவின் தங்கை. அந்தக் குழாயை இயக்குகிறவள் அவள்தான். பம்பைப் போடுவது, சூட்டை ஏற்றி இறக்குவது, மணிக்கு ஒரு முறை எண்களைக் குறிப்பது. முன்பு ஒரு ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தாள். அதை மூடிய பிறகு இரண்டு வருடம் வேலை இல்லாமல் எங்கள் வீட்டுச் சோபாவில் தூங்கினாள். இந்த வேலை கிடைத்து இரண்டரை மாதம் ஆகிறது. மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால் நிரந்தரம், அதன்பிறகு சொந்தமாக ஒரு அறை எடுப்பாளாம். சுவருக்கு என்ன நிறம் என்பது வரை முடிவாகிவிட்டது.

வீட்டில் அம்மாவை அண்ணி என்பாள். இங்கே மேடம் என்று கூப்பிட வேண்டும். இன்று பதற்றத்தில் "மேடண்ணி" என்று வந்துவிட்டது. நானும் அத்தையும் பம்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தோம். அத்தைக்குச் சிரித்தால் விக்கல் வரும். விக்கல் எனக்கு இன்னும் சிரிப்பைக் கிளப்பும். அப்போது ஆய்வுக்கூடத் தலைவர் அந்தப் பக்கமாகப் போனார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் முற்றுப்புள்ளி. அவர் வாயைத் திறந்தால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். "வேலை," என்றார். முடிந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேனலில் எல்லாம் ஆங்கிலம். அத்தைக்கு அது தகராறு. எந்தக் கட்டத்தில் என்ன எண் வருகிறது என்று தமிழில் அச்சடித்து ஒட்டும்படி அம்மா என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்தாள். அழுத்தம், ஓட்டம், சுவர்ச் சூடு, இப்படி. கடைசியில் ஆவிப் பங்கு. கலவையில் எத்தனை பங்கு ஆவியாகிவிட்டது என்று காட்டும் எண். 0 என்றால் முழுக்கத் தண்ணீர், 1 என்றால் முழுக்க ஆவி.

பேனலில் அதற்குக் குவாலிட்டி என்று போட்டிருந்தது; அகராதியைப் புரட்டினால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் "தரம்" என்று போட்டிருக்கிறது. தரம்! ஆவிப் பங்கு என்று ஒட்டுவானேன்? தரம் என்றே ஒட்டினேன். சும்மா விட மனம் வரவில்லை. பக்கத்தில் மூன்று மூஞ்சிகள் வரைந்தேன். 0.3க்குக் கீழே அழுமூஞ்சி. நடுவில் உம்மணாமூஞ்சி. 0.6க்கு மேலே பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு மூஞ்சி.

ஒட்டியாச்சா என்று அம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்டாள். ஆச்சு என்றேன். அப்புறம் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அத்தை அதைப் பார்த்துவிட்டு விக்கல் வருமளவுக்குச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"தரம்னா என்னடீ வாலு?"

"தரம்னா தரம்தான் அத்தை. கூடினா நல்லது."

அவ்வளவுதான். நாக்கு நுனியில் வந்தது, சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பம்பைப் போடப் போய்விட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஏலம் விடுவது போல ஒரு தரம், ரெண்டு தரம் என்று அத்தை பேனலைப் பார்த்துச் சொல்கிறாள். என் நகைச்சுவைக்கு இங்கே வாரிசு உண்டு.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுத்து கோணல்.

அத்தைக்கு அடிபட்டுவிட்டது. அடி இல்லை, சூடு. ஆவி. வலது கை, முழங்கை வரைக்கும்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மதியம் இரண்டரைக்கு அம்மா முற்றுப்புள்ளியின் அறைக்குப் போனாள். நாளைக்கு யாரோ பார்வையிட வருகிறார்களாம், அதற்கான கூட்டம். போகும்போது அத்தையிடம், நல்லபடியா ஓட்டிக்கிட்டிரு, வந்து பாக்கறேன் என்றாள். நான் பக்கத்து அறையில் அம்மாவின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். முதலில் ஒரு வாசனை, வெறும் வாணலியை அடுப்பில் மறந்துவிட்டது போல. பிறகு ஒரு சீற்றம். பாம்புச் சீற்றத்தை நூறால் பெருக்கினால் வருகிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் அறை முழுக்க வெள்ளை. குழாயின் உச்சி, அந்த வெள்ளைக்குள்ளும் தெரிந்தது, சிவப்பாக இருந்தது. இரும்பு சிவப்பாகுமா? உள்ளே தண்ணீர் ஓடும்போதே? அத்தை தரையில் உட்கார்ந்து வலது கையைத் தனியாக, வேறு யாருடையதோ போல, முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. ஏன் கத்தவில்லை?

"கிட்ட வராத," என்றாள். அது மட்டும்.

ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா கூடவே போனாள். அப்பா என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவருடைய கருவிப்பெட்டி வழியெல்லாம் கலகலவென்று ஆடியது.

ஏப்ரல் 16, புதன்

ஒன்றும் ஓடவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

என் பேனாக்கள் அம்மா அறையில் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு ஆய்வுக்கூடம் போனேன். பேனா இல்லை காரணம். பேனலைப் பார்க்க வேண்டும்.

நான் ஒட்டிய மற்றத் தாள்கள் எல்லாம் இருந்தன. அழுத்தம் இருந்தது. ஓட்டம் இருந்தது. தரம் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்.

யார் எடுத்தது?

மதிலோரமாய் உட்கார்ந்திருந்த வெல்டர், குழாயின் உச்சியில் பிளந்துபோன மூட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். குழாயின் உள்சுவரில் தண்ணீர் மெல்லிய தோல் போல ஒட்டிக்கொண்டு ஏறும், நடுவில் ஆவி ஓடும். அந்தத் தோல்தான் சுவரின் சூட்டை வாங்கிக்கொள்ளும். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தோல் காய்ந்துவிடும். அப்புறம் சுவருக்கு ஆவிதான் துணை, ஆவிக்குச் சூடு வாங்கத் தெரியாது. சுவர் பழுத்துவிடும். "நல்லா வாங்கிட்டிருந்தது பட்டுனு வாங்காமப் போயிடும்மா. முன்னாடி சொல்லாது," என்றார். ஆவி நிறைய இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். கொதிகலனில் வெளியே வருகிற ஆவிக்கு அது சரி, இந்தக் குழாய்க்கு அதுதான் எமன் என்றார்.

அப்படியானால் அந்த எண் கூடக் கூட...

நான் அங்கே சிரிப்பு மூஞ்சி வரைந்து வைத்திருந்தேன்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

மருத்துவமனை. நான்கு கட்டில் போட்ட அறை, அத்தையுடையது சன்னலோரம். கை வெள்ளைத் துணிக்குள் தலையணை மேல் கிடந்தது. அம்மா மருந்துச் சீட்டோடு வெளியே போனதும் அத்தை இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தத் தாள நான் கிழிச்சுட்டேன். வாயத் தொறக்காத."

எப்போது கிழித்தாய் என்று கேட்டேன். அத்தையை நீ என்று சொல்லிவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கை வெந்தபிறகுதானாம். எல்லோரும் ஓடி வருவதற்கு முன்னால். இடது கையால் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகுதான் தரையில் உட்கார்ந்தாளாம்.

வெந்த கையோடு. எனக்காக.

கேட்டவர்களிடம் கை தவறிச் சூட்டை ஏற்றும் குமிழைத் திருகிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். வேலை போய்விடுமே என்றேன். "நீ படிக்கிற புள்ள. உன் பேர் அவங்க எழுதற பேப்பர்ல வரக் கூடாது. எனக்கு இன்னொரு ஐஸ் ஃபாக்டரி கிடைக்காதா." சிரிக்கப் பார்த்தாள். விக்கல் வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாளைக்கு.

ஏப்ரல் 21, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. முற்றுப்புள்ளி எழுதியது. ஒன்றரைப் பக்கம். அம்மா மேசையில் வைத்திருந்ததைப் படித்தேன். "இயக்குபவரின் கவனக்குறைவு." சோதனைக் காலத்திலேயே பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். இந்த வெள்ளிக்கிழமை முதல்.

சாப்பிடும்போது அம்மா, பொறுமையே கிடையாது அவளுக்கு, எத்தனை சொன்னாலும் ஏறாது என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். அவர் தட்டில் பாதி மீதி இருந்தது.

இந்த மேசையில் அத்தையைப் பற்றி இப்படி யாரும் பேசியதில்லை. பேச வைத்தது நான். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிட முடிகிறதே, என்ன ஜன்மம் நான்?

ஏப்ரல் 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மாலையில் அம்மா கணினியில் அன்றைய பதிவை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் கீழே, ஏற்றிய சூடு மேலே. கோடு படிக்கட்டு மாதிரி இருந்தது. கொஞ்சம் ஏறுகிறது, நிற்கிறது. கொஞ்சம் ஏறுகிறது, நிற்கிறது. பென்சில் நுனியால் படிகளை எண்ணினாள். நான் கதவருகில் நின்றிருந்தேன். என்னிடம் சொல்லவில்லை, திரையிடம்தான் சொன்னாள்.

"கை தவறினா ஒரு தரம் தவறும். பதினோரு தரமா தவறும்?"

தரம். அம்மா அதைத் தடவை என்ற பொருளில்தான் சொன்னாள். ஆனால் எனக்குப் பேனல் முன்னால் நின்று ஏலம் விடுகிற அத்தையின் குரலில் கேட்டது. ஒரு தரம். ரெண்டு தரம். நாளைக்குப் பார்வையாளர்கள் வருகிறார்கள், நல்லபடியாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள், மூஞ்சி உம்மென்று இருக்கிறது. அவள் ஒவ்வொரு படியாக, பொறுமையாக, பயந்து பயந்து, அதைச் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறாள். பொறுமையே இல்லாதவளாம்!

கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அகராதி, மூஞ்சிகள், கூடினா நல்லது, கிழித்த தாள். எந்த இடத்தில் அழுதேன் என்று தெரியாது.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனைல சிரிச்சுது?"

"0.6."

திரையில் இன்னொரு கோட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். சுவர்ச் சூடு நேராக நின்றுகொண்டிருந்து திடீரென்று செங்குத்தாக எழும்பிய இடம். அங்கே ஆவிப் பங்கு 0.58. பிறகு இழுப்பறையிலிருந்து அவளுடைய மதிப்பீட்டை எடுத்தாள். தண்ணீர்த் தோல் 0.8ல்தான் காயும், 0.75 வரை அஞ்சாமல் ஓட்டலாம் என்று அவள் கையெழுத்து. அதை நம்பித்தான் உச்சியில் கடைசி ஒரு சாண் நீளத்துக்குச் சென்சார் வைக்கவில்லை. காய்ந்தது அந்த ஒரு சாண்தான். அந்தச் சூடு கீழேயிருந்த சென்சாருக்குப் பரவி, தானாக மின்சாரத்தை வெட்டும் அமைப்புக்குத் தெரிவதற்குள் மூட்டு பிளந்துவிட்டது.

"அப்ப என் தப்பு இல்லையா?" கேட்டுவிட்டேன். வெட்கமே இல்லாமல் கேட்டுவிட்டேன்.

"உன் மூஞ்சி இல்லன்னா அவ ஏத்தியிருக்க மாட்டா. என் கணக்கு சரியா இருந்திருந்தா, ஏத்தினாலும் வெந்திருக்க மாட்டா. பாதி பாதின்னு பிரிச்சுக்க இது பலகாரம் இல்ல. ரெண்டு பேருக்கும் முழுசு."

அப்புறம் இன்னொன்றைக் காட்டினாள். அமைப்பு தானாக வெட்டுவதற்கு நான்கு விநாடி முன்பே குழாய்க்குப் போன மின்சாரம் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. யாரோ கையால் இறக்கியிருக்கிறார்கள். குமிழ் பிளந்த மூட்டுக்கு நேர் கீழே. ஆவி கொட்டிக்கொண்டிருக்கும்போது அத்தை அதற்குள் கையை விட்டு முழுக்கத் திருகி மூடியிருக்கிறாள். மூடாமல் ஓடியிருந்தால் குழாய் இரண்டாகப் போயிருக்கும். பக்கத்து அறையில் நாற்காலி சுற்றிக்கொண்டிருந்தவளும் போயிருப்பாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 23, புதன்

முற்றுப்புள்ளியின் அறை. மின்விசிறி ஓடியது. அம்மா நின்றாள், நானும் நின்றேன். அம்மா தன் பங்கைச் சொன்னாள், நான் என் பங்கைச் சொன்னேன். முதல் முறையாக அவர் எதையும் முடித்து வைக்கவில்லை. தாள் எங்கே என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் நீ சொல்வதற்கு என்ன சாட்சி என்றார். ஒரு வெள்ளைத் தாளை வாங்கி அங்கேயே வரைந்து காட்டினேன். எழுத்து, மூஞ்சி, எண்கள், எல்லாம். நான் வரைந்ததிலேயே கேவலமான மூன்று மூஞ்சிகள்.

அந்தத் தாளை அவர் நெடுநேரம் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவரும்.

"எழுதிக் குடுங்க. ரெண்டு பேரும்."

ஏப்ரல் 24, வியாழன்

அத்தையிடம் போய்ச் சொன்னேன். கோபப்பட்டாள். "சொல்லாதன்னேன்ல. என் கை வெந்தது வீணாப் போச்சா?" இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒரு மணி நேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 2, வெள்ளி

புது அறிக்கை. ஐந்து பக்கம். கவனக்குறைவு என்ற சொல் எங்கேயும் இல்லை. அத்தைக்கு வேலை உண்டு, கை தேறியதும் வரலாம். ஆனால் சோதனைக் காலம் முதலிலிருந்து. அம்மாவிடமிருந்து குழாயை ஆறு மாதத்துக்கு எடுத்துவிட்டார்கள். அவள் உட்கார்ந்து பழைய மதிப்பீடுகளையெல்லாம் அளந்த எண்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். நான் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. கடைசி வரியில் "பொறியாளரின் மகள்" என்று இருந்தது. பெயர் போடவில்லை. அதை அம்மா கேட்டு வாங்கினாளா, முற்றுப்புள்ளியே விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மே 19, திங்கள்

ஐந்தாம் மாடி வக்கீல் இன்று லிஃப்டில் என்னைப் பார்த்து, என்னம்மா இப்பல்லாம் ஒண்ணும் ஒட்டறதில்லையா என்றார். இறங்கிப் படியில் ஏறினேன்.

ஜூன் 14, சனி

அத்தை வந்திருந்தாள். திங்கள்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். கை ஆறிவிட்டது, தோல் மட்டும் பளபளவென்று இறுக்கமாக இருக்கிறது, விரல்கள் முழுக்க மடங்கவில்லை. சோபாவில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். என்னை வாலு என்றாள். என் தலையில் ஒரு குட்டும் வைத்தாள், இடது கையால். அப்பா லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கல்யாண மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். அத்தைக்கு விக்கல் வந்தது. எனக்கு உயிர் வந்தது.

போகும் நேரம், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். விரலுக்கான பயிற்சிகள், மருத்துவமனையில் கொடுத்தது. ஒரு வரியைக் காட்டி, இது என்னடீ, புறமாக நீட்டவும்னு போட்டிருக்கு, எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் நகைச்சுவை ஒன்றும் செய்யவில்லை. நாக்கு நுனியில்கூட வரவில்லை. வரியை இரண்டு முறை படித்தேன். என் கையை நீட்டி, விரல்களை மேல்பக்கமாக வளைத்துக் காட்டினேன். இப்படி, வலிக்கிற வரைக்கும் போகாமல், பத்து எண்ணும் வரை.

அத்தை அதே போலச் செய்து பார்த்தாள். சரியாகத்தான் செய்தாள். பிறகு தாளை நான்காக மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரிடீ. எதுக்கும் அண்ணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

கேட்டுக்குங்க அத்தை என்றேன். அவள் சமையலறைக்குப் போனாள். அம்மா குழாயை மூடிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்குவது இங்கிருந்தே தெரிந்தது.